அஞ்சு நூல்

இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு நூலாசிரியர் குடோனுக்குள் நுழைந்ததும், அங்கே இருந்த நாலு பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"என்ன சார், ஒரு கண்ணை வீட்டுலயே காவலுக்கு வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றான் லோடு இறக்குகிறவன்.

"உங்க மூஞ்சிகளைப் பாக்க ஒரு கண்ணே ஜாஸ்தி. போய் வேலையைப் பாரு."

கண் ஆபரேஷன் முடிந்து அன்றுதான் ஆறாவது நாள். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரும்புச் சாமான் குடோனில் ஸ்டோர்கீப்பராக இருப்பவரிடம் இந்த மூன்றையும் சொல்வது, மீனிடம் போய் நனையாதே என்று சொல்வது போலத்தான்.

நூலாசிரியர் என்றால் ஏதோ புத்தகம் எழுதியவர் என்று நினைத்துவிட வேண்டாம். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தைத் தவிர அவர் எழுதியது எல்லாம் சாமான் லிஸ்ட்தான். அந்த லிஸ்ட்டில் அளவுகள் எல்லாம் நூல் கணக்கில் இருக்கும். தச்சரும் கொத்தனாரும் சொல்லும் அதே நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. கம்பெனி முழுக்க மில்லிமீட்டருக்கு மாறிப் பத்து வருஷம் ஆகியும், அவர் மட்டும் "நாலு நூல் போல்ட், மூணு நூல் கம்பி" என்றே எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்னக் கர்வமும் உண்டு. அவரைக் கேட்காமல் குடோனிலிருந்து ஒரு ஆணி கூட வெளியே போக முடியாது அல்லவா.

கம்பெனி செய்வது கோபுரம் நிறுத்தும் தொழில். நாலு கால் விரித்து நிற்கும் ராட்சசக் கோபுரம் அல்ல. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு ஒல்லியான முக்கோணக் கூண்டு, நூற்று முப்பது அடி உயரம். அது தானாக நிற்காது. உச்சியில், நடுவில், கீழே என்று மூன்று மட்டத்தில், மூன்று திசையிலிருந்தும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் நிற்கிறது. கம்பியின் மேல்முனையைக் கோபுரத்தோடு சேர்ப்பது ஷேக்கிள் என்ற லாட வடிவ வளையம். கீழ்முனையைத் தரையில் உள்ள கான்கிரீட் கட்டையோடு சேர்ப்பது டர்ன்பக்கிள். நடுவில் ஒரு நீளச் சட்டம், இரண்டு முனையிலும் திருகு. சட்டத்தைச் சுற்றினால் இரண்டு திருகும் உள்ளே வரும், கம்பி இறுகும்.

அந்தக் கோபுரங்களில் ஏறுகிறவர் நூலாசிரியரின் மாப்பிள்ளை. ஒரே மகளின் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் மகள் இந்த வேலை வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "நான் கையில எடுத்துப் பாக்காத சாமான் எதுவும் அவர் தலைக்கு மேல போகாதும்மா" என்று சொல்லித்தான் நூலாசிரியர் அவளைச் சம்மதிக்க வைத்தார். ஏழு வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தார். போன வாரம் வரை.

மூன்றாவது அலமாரியில், மீந்து போன ஒரே ஒரு டர்ன்பக்கிள் கிடந்தது. போன வாரம் அனுப்பிய லோடில் ஸ்பேராக வந்தது. எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று கையில் எடுத்தார்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கனம் பத்தவில்லை.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வா" என்று குரல் கொடுத்தார். பர்ச்சேஸ் பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பரபரப்பான பெண். அவர் லீவில் இருந்தபோது அந்த லோடுக்கு ஆர்டர் போட்டவள் அவள்தான்.

"இது எந்த சைஸ்னு ஆர்டர் போட்ட?"

"நீங்க சொன்னதுதான் சார். உச்சிக்கு அஞ்சு நூல்."

"அதை எப்படி எழுதின?"

"பன்னெண்டு எம்.எம்."

நூலாசிரியர் டர்ன்பக்கிளை மேஜை மேல் வைத்தார். "அஞ்சு நூல்னா பதினாறும்மா. பன்னெண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"இல்ல சார்..." என்று அவள் மேஜை டிராயரைத் திறந்து ஒரு மர அடிக்கோலை எடுத்தாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது போன் பண்ணி, ஒரு நூல்னா எவ்வளவு சார்னு கேட்டேனே. 'அங்குலத்துல ஒரு சின்னக் கோடும்மா, அடிக்கோலை எடுத்து எண்ணிக்கோ'ன்னு சொன்னீங்க. எண்ணினேன்."

அடிக்கோலை வாங்கி ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கோடுகள் கலங்கித் தெரிந்தன. கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவி எண்ணினார். எட்டு இருக்க வேண்டும். ஒன்பது. பத்து.

கணக்குப்பிள்ளை வைத்திருந்த பழைய அடிக்கோல் அது. அங்குலத்தைப் பத்தாகப் பிரித்தது. அதில் அஞ்சு கோடு என்றால் அரை அங்குலம், ஏறக்குறைய பன்னெண்டு எம்.எம். அப்படியும் அடிக்கோல் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சொட்டு மருந்து விட வந்த நர்ஸிடம் தமாஷ் பண்ணிக்கொண்டே போனை வைத்த அந்த நிமிஷத்தில் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"அப்ப ஷேக்கிள்?"

"அதுவும் அதே லிஸ்ட்தானே சார்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "எல்லாமே ஒரு சைஸ் சின்னதா போயிருக்கா சார்?"

அவர் போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். எடுத்தது ரேடியோ. கோபுரத்துக் கீழே நின்று கயிறு பிடிக்கிற ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் அந்தப் பெயர்.

"சார்! கண்ணு எப்படி இருக்கு? எங்க பெரியப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான், அவரு மறுநாளே..."

"மாப்பிள்ளை எங்க?"

"மேல சார். உச்சியில. ஆன்டெனா மாட்டிட்டு இருக்காரு. போனைப் பெட்டியில வச்சிட்டுத்தான் ஏறுவாரு, தெரியும்ல? நம்ம வேலை நேத்தே முடிஞ்சிருக்கும், இந்தத் தெருக்காரங்க..."

"வாயை மூடிட்டுக் கேளு. அவரை இறங்கச் சொல்லு. இந்த நிமிஷம். மெதுவா. கம்பி எதையும் அசைக்காம."

ரேடியோவே வாயடைத்துப் போனான். போன் வழியாக அவன் கத்துவது கேட்டது. பிறகு இருபத்திரண்டு நிமிஷம். நூலாசிரியர் குடோன் நடுவில் நின்றபடியே இருந்தார். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"சொல்லுங்க மாமா."

"இறங்கிட்டீங்களா? கால் தரையில இருக்கா?"

"தரையிலதான் நிக்கறேன். என்ன ஆச்சு?"

விஷயத்தைச் சொன்னார். "மாட்டும்போதே ஓட்டை கொஞ்சம் லூசா இருந்துச்சு மாமா. வாஷர் போட்டு மாட்டினோம். நீங்க பாத்து அனுப்பினதுன்னு நினைச்சிட்டேன்" என்றார் மாப்பிள்ளை. குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல். அதுதான் நூலாசிரியரின் நெஞ்சில் போய்த் தைத்தது.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப நிக்குதுல்ல?" என்றார்.

"நிக்குது சார். ஆனா தாங்க வேண்டியதுல மூணுல ரெண்டு பங்கு கூடத் தாங்காது. நாளைக்குக் காலையில இருந்து மூணு நாளைக்குப் பலத்த காத்துன்னு அறிவிச்சிருக்காங்க."

"கிரேன் வச்சு இறக்கிடலாமா?"

"அந்தச் சந்துல ஆட்டோவே முக்கி முனகித்தான் நுழையும்."

மேனேஜர் பேனாவைத் தட்டினார். "சாமானை வாங்கிட்டுப் போய் மாத்துங்க. வேற என்ன பண்றது?" என்றார். ஏதோ வீட்டில் பல்ப் மாற்றச் சொல்வது போல.

கடைவீதியில் அந்த வகைச் சாமான் கிடைக்கும் கடை ஒன்றுதான். நூலாசிரியர் பர்ச்சேஸ் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார். தண்டிக்க அல்ல. டர்ன்பக்கிளின் உடம்பில் கொத்தியிருக்கும் அளவையும் தாங்கு எடையையும் அவரால் படிக்க முடியவில்லை. அவளுடைய கண் வேண்டியிருந்தது.

கடைக்காரர் பழைய சிநேகிதர். "வாங்க நூலாசிரியரே! என்ன, கண்ணடிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்று வரவேற்றவர், கேட்டதும் உள்ளே போய் ஒரு கை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். "அஞ்சு நூல். இந்தாங்க, வேணுங்கறதை எடுத்துக்கங்க."

முதலில் கையில் வந்தது இரண்டு பக்கமும் கொக்கி வைத்தது. நூலாசிரியர் தொட்டதும் தள்ளிவிட்டார்.

"ஏங்க, கொக்கி நல்லதுங்க. மாட்டறதும் சுலபம், கழட்டறதும் சுலபம்."

"கழண்டுக்கறதும் சுலபம். ரெண்டு பக்கமும் முனை ரெண்டு காதாப் பிரியற கவட்டை வச்சது எடுங்க. ஊசி போட்டு, அது நழுவாம குறுக்கால ஒரு பின் செருகிப் பூட்டறது. கொக்கி பந்தல் கட்ட நல்லா இருக்கும். ஆளு ஏறற கோபுரத்துக்கு ஆகாது."

கவட்டை வைத்தது ஏழு இருந்தது. ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "உடம்புல என்னம்மா கொத்தியிருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"ஓரமா வை. அளவும் எடையும் கொத்தாதவன் எதுக்கும் பொறுப்பேத்துக்க மாட்டான். அடுத்தது?"

"அஞ்சு பை எட்டு அங்குலம்... கீழ தாங்கு எடை போட்டிருக்கு."

"திருகுல ஏதாச்சும் பெயின்ட் பூசியிருக்கா, துத்தநாகமா?"

"சாம்பல் கலரா, கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு சார்."

"துத்தநாகம்தான், துரு ஏறாது. அதை இந்தப் பக்கம் வை." வெர்னியர் அளவுகோலை வைத்துத் திருகை அளந்தார். கோடு தெரியவில்லை. அதையும் அவளிடம் கொடுத்தார். "படி" என்றார்.

"பதினஞ்சு புள்ளி எட்டு."

"மறுபடி பாரு."

மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் படித்தாள். ஏழில் மூன்று தேறின. தேவையும் மூன்றுதான். கீழ் இரண்டு வரிசைக்கு இழுப்பு குறைவு. அதை அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். உச்சி வரிசைதான் உயிர்.

"ஷேக்கிளும் மூணு. இதே அளவு. திருகு ஊசி, பின் போடற மாதிரி" என்றார் நூலாசிரியர்.

கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "டர்ன்பக்கிள் சரி, தரையில நின்னு மாத்திடுவாங்க. ஷேக்கிள் உச்சியில இல்ல இருக்கும்? யாரு ஏறுவா?"

நூலாசிரியர் ஷேக்கிள்களைப் பைக்குள் போட்டார். அந்தப் பெண் அப்போதுதான் வெர்னியரைக் கீழே வைத்தாள். உச்சியில் இருக்கும் சின்ன ஷேக்கிளை மாற்ற வேண்டுமானால், அந்தச் சின்ன ஷேக்கிள் தாங்கிக்கொண்டிருக்கும் கோபுரத்தில்தான் ஒருவர் ஏற வேண்டும். வேறு வழி கிடையாது. அன்றைக்கு வேறு ஆளும் கிடையாது.

கோபுரம் நின்ற இடம் பஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை. ஒரு பக்கம் தகரக் கொட்டகை, மற்ற இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

மாப்பிள்ளை கான்கிரீட் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். குள்ளமான, கட்டுமஸ்தான உடம்பு. எழுந்து நின்று, "வாங்க மாமா. நீங்க ஏன் இந்த வெயில்ல?" என்றார். பிறகு அவர் கையைப் பிடித்து உச்சிக் கம்பியின் டர்ன்பக்கிள் மேல் வைத்தார். கண்ணுக்குக் காட்டிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

நூலாசிரியர் தடவினார். கவட்டையின் இரண்டு காதுகளும் விரிந்திருந்தன. ஊசி நடுவில் லேசாக வளைந்திருந்தது. முந்தாநாள் அடித்த சாதாரணக் காற்றுக்கே இப்படி.

"மேல எப்படி இருக்கு?"

ரேடியோ தன் போனில் பெரிதாக்கி எடுத்த படத்தைக் காட்டினான். அந்தப் பெண் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு ஷேக்கிள் தெரியுது சார். ஒண்ணு நேரா இருக்கு. இன்னொண்ணு ஊசி வளைஞ்ச மாதிரி இருக்கு. மூணாவது ஆன்டெனா பின்னால மறைஞ்சிருக்கு."

"மாப்ளே, ஏற வேணாம்" என்றார் நூலாசிரியர். "சுத்தியிருக்கற வீட்டுக்காரங்களை வெளிய அனுப்பிடலாம். விழுந்தா விழட்டும். போறது இரும்புதானே."

"அனுப்பிப் பாத்துட்டேன் மாமா."

"என்ன சொன்னாங்க?"

ரேடியோ இடையில் புகுந்தான். "சிரிக்கறாங்க சார்! கோபுரம் வேணாம்னு போன மாசம் இந்தத் தெருவே திரண்டு வந்து நின்னுச்சு. நம்மாளுதான் ஒவ்வொரு வீடா ஏறி, 'ஒண்ணும் ஆகாதும்மா, இதுல ஏறப்போறதே நான்தான், நானே பயப்படல'ன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு வந்தாரு. இப்ப போய் ஓடுங்கன்னா யாரு நம்புவா? அந்த மூணாவது வீட்டு அம்மா, 'போப்பா, வீட்டைக் காலி பண்ண வைக்க இது ஒரு புது வழியா'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

மாப்பிள்ளை இடுப்புப் பட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

"நாளன்னைக்கு வேற ஆளை அனுப்பறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு மாப்ளே."

"நாளைக்குக் காத்து மாமா."

"ஆமா."

"வேற ஆளுன்னா அவனுக்கும் மாமனார் இருப்பாரு."

நூலாசிரியருக்கு இந்த ஆளை ஏழு வருஷமாகத் தெரியும். நாலு வாக்கியத்துக்கு மேல் சேர்த்துப் பேசிக் கேட்டதில்லை. என்கிட்ட கூட அப்படித்தான் என்பாள் மகள்.

வேலையின் முறை இதுதான். முதலில் கோபுரத்தின் இடுப்பில் மூன்று பக்கமும் தற்காலிகக் கம்பி கட்ட வேண்டும். பிறகு உச்சியில் ஒரு பக்கத்துக் கம்பியின் இழுப்பை, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் புல்லரில் ஏற்றி, பழைய ஷேக்கிளைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். கீழே அதே நேரத்தில் டர்ன்பக்கிளை மாற்ற வேண்டும். பிறகு அடுத்த பக்கம். ஒன்று முடியாமல் மற்றதைத் தொடக்கூடாது.

நூலாசிரியர் புல்லரின் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். ரேடியோ தடுத்தான். "சார், கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா? கண்ணு தெறிச்சுடும்."

"தெறிச்சா தெறிச்சுட்டுப் போகுது."

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "தள்ளி நில்லுங்க. உங்களையும் சேத்துப் பாத்துக்கிட்டிருக்க முடியாது."

தள்ளி நின்றார். நாற்பது வருஷமாக இரும்பைத் தூக்கிய கைகள் இரண்டும் வேலையில்லாமல் தொங்கின.

மாப்பிள்ளை ஏறினார். முதலில் பூட்ஸ் சத்தம், பிறகு கொக்கி மாட்டும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. நூலாசிரியருக்கு மேலே பார்த்தால் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. ஒல்லியான கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது, அதில் ஆள் எது கம்பி எது என்று பிரிக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இடுப்புக் கம்பி கட்டிட்டாரு சார்... உச்சிக்குப் போறாரு... புல்லர் மாட்டறாரு."

அப்போது பெட்டியிலிருந்து மாப்பிள்ளையின் போன் அடித்தது. திரையில் மகளின் முகம். ரேடியோ இரண்டு கையிலும் கயிற்றோடு, "எடுங்க சார், எடுக்கலன்னா இருபது தடவை அடிப்பாங்க" என்றான்.

"அப்பாவா? நீங்க எங்க அங்க?" என்றாள் மகள்.

"சாமான் குடுக்க வந்தேம்மா."

"நல்லா இருக்கே! ஆறு நாள் கூட ஆகல. மத்தியானம் சொட்டு மருந்து விட்டீங்களா?"

"விடணும்."

"விடணுமா? அப்பா, உங்களைத் திருத்தவே முடியாது. அவரு எங்க?"

நூலாசிரியர் மேலே பார்த்தார். கறுப்புக் கோடு. "வேலையா இருக்காரு."

"மேலயா?"

பொய் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. "ஆமா" என்றார்.

"காத்து வரப்போகுதுன்னு சொன்னாங்களேன்னுதான் போன் பண்ணேன். சரி விடுங்க, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

முதல் ஷேக்கிள் மாறியது. கீழே ரேடியோவும் கூட வேலை செய்யும் இன்னொருவனும் டர்ன்பக்கிளை மாற்றி, சட்டத்துக்கு நடுவே பூட்டுக் கம்பி போட்டு முறுக்கினார்கள். இரண்டாவதும் மாறியது. நாலு மணி ஆனது. ஒர்க்‌ஷாப் தகரத்தின் மேல் எங்கிருந்தோ ஒரு காகிதம் பறந்து வந்து ஒட்டிக்கொண்டு, பிறகு போயிற்று.

"காத்து வருது சார்" என்றாள் அந்தப் பெண்.

"நாளைக்குத்தானே சொன்னாங்க."

"லேசாத்தான் சார்."

மூன்றாவது ஷேக்கிள் ஆன்டெனாவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஆளே மறைந்துவிட்டார். இரும்பு மேல் இரும்பு அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. டங், டங். நிற்கும். மறுபடி டங், டங். ஊசி வளைந்து திருகில் கடித்துக்கொண்டிருக்கிறது என்று சத்தத்திலேயே நூலாசிரியருக்குப் புரிந்தது. எண்ணெய் விட வேண்டும், ரம்பத்தால் அறுக்க வேண்டும். ரம்பம் கீழே இருந்தது. ரேடியோ கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். பாதி வழியில் காற்று அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டே கம்பியோடு சிக்கவைத்தது. இழுத்தார்கள், வரவில்லை. கயிற்றை அப்படியே விட்டார்கள்.

"இப்ப என்ன பண்றாரு?"

"தெரியல சார். மறைவுல இருக்காரு."

"கை தெரியுதா?"

"ஒரு கை... கம்பியைச் சுத்தறாரு. இல்ல சார், தெரியல. கோபுரம் கொஞ்சம் ஆடுது."

"எவ்வளவு?"

அவள் கையை விரித்து அளவு காட்டப் போய், பாதியில் இறக்கிவிட்டாள். அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் இனி எந்த அளவும் கேட்பதில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவளுக்காக அல்ல, தனக்காக.

ஐந்தரைக்கு மாப்பிள்ளை இறங்கினார். தரையில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். விரல்கள் விரியவில்லை. இடுப்புப் பட்டையின் பூட்டைத் திறக்க நூலாசிரியர் குனிந்தார். குனியக்கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் பூட்டு எந்தப் பக்கம் என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் வந்து ஒரே தட்டில் திறந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார். "மூணாவது மாத்தல மாமா. ஊசி வரல. மீதியிருந்த கம்பியை நாலு சுத்துச் சுத்தி, புது ஷேக்கிளைப் பக்கத்துல மாட்டிட்டு வந்திருக்கேன்."

"தாங்குமா?"

"இன்னைக்குத் தாங்கும். மூணு நாளைக்குத் தாங்குமான்னு தெரியல. காத்து நின்னதும் மறுபடி ஏறணும்."

மறுபடி ஏறணும். நூலாசிரியருக்கு அந்த இரண்டு சொல்லும் மெதுவாகத்தான் உள்ளே இறங்கின. மூன்று நாள் அந்த ஒல்லிக் கோபுரம் ஆடும். நாலாவது நாள் அது நின்றிருந்தால், அதில் மாப்பிள்ளை ஏறுவார். அந்த மூன்று நாளும் மகள் சோறு போட, தான் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"வீட்டுல சொல்ல வேணாம் மாமா."

"நான் பொய் சொல்லத் தெரியாதவன் மாப்ளே."

"சொல்ல வேணாம்னுதான் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லல."

எல்லோருமாக மறுபடி ஒவ்வொரு வீடாகப் போனார்கள். இந்தத் தடவை நூலாசிரியரே பேசினார். எட்டுக்குப் பதில் பத்து எண்ணியது வரைக்கும் மறைக்காமல் சொன்னார். ஒரு வீட்டில் மூட்டை கட்டினார்கள். இன்னொரு வீட்டில் யோசிப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து, கோபுரத்தை உச்சிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் தம்பி மேலதானே இருந்துச்சு? ஒண்ணும் ஆகலியே. அது ஏறின கோபுரம் என் மேலயா விழும்? போங்க சார், போய்க் கண்ணைக் கவனிங்க."

"அம்மா, மூணு நாள்தாம்மா. எங்கயாச்சும் சொந்தக்காரங்க வீட்டுக்கு..."

"சொந்தக்காரங்க வீட்டுல மூணு நாள் இருக்கறதுக்கு இந்தக் கோபுரமே பரவாயில்ல."

ரேடியோ சிரித்துவிட்டான். பிறகு தானே நிறுத்திக்கொண்டான்.

வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நூலாசிரியர் ஏறவில்லை. "நீங்க போங்க மாப்ளே. நான் இங்க இருக்கேன்."

"இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க மாமா? விழுந்தா புடிச்சுக்கப் போறீங்களா?"

"ஒண்ணும் பண்ண முடியாது. தெரியுது."

"அப்புறம்?"

"இந்தம்மா உள்ள இருக்கும்போது நான் மட்டும் எப்படிப் போய்ப் படுக்கறது? காலையில வரைக்கும் இருந்து, மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

மாப்பிள்ளை வண்டிக்காரனிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, திரும்பி வந்து எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெரியவர் களைத்துப் போயிருக்கிறார், வண்டி வரும்வரை நிற்கிறார் போலும் என்று நினைத்தாளோ என்னவோ. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டாள்.

"உக்காருங்க சார்."

நூலாசிரியர் உட்காரத் திரும்புவதற்குள், காற்று அந்த நாற்காலியை ஒரு முழம் நகர்த்தியிருந்தது.